வளர்ப்போன் கடன்

விலங்கைக் குறித்து நம் அறநூல்கள் எழுப்பிய வினா பெரும்பாலும் ஒன்றே: கொல்லலாமா, கொல்லலாகாதா என்பதே அது. திருவள்ளுவர் புலான்மறுத்தலுக்கு ஓர் அதிகாரமும் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். சமணமும் பௌத்தமும் இவ்வினாவையே முன்னிறுத்தின. வினா பெரியது, அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் பிறப்புக்கும் கத்திக்கும் இடையே ஒரு வாழ்நாள் உண்டு. அவ்வாழ்நாளில் ஆடு பட்டியில் அடைபடுகிறது, வெயிலில் நிற்கிறது, குளம்பு அழுகி நொண்டுகிறது, குடற்புழுவால் இரத்தம் இழந்து சோர்கிறது. கொல்லாமை என்னும் சொல் இவற்றுள் எதையும் தொடுவதில்லை.

புலால் உண்ணாதவர் தமக்கும் இவ்வழக்குக்கும் தொடர்பில்லை என எண்ணக்கூடும். ஆனால் அவர் நுவரெலியாவின் குளிருக்கு அணியும் கம்பளிச் சட்டை ஓர் ஆட்டின் உடலிலிருந்து வந்தது. அதைப் பெற எவரும் அவ்வாட்டைக் கொல்ல வேண்டியதில்லை. எனவே, கொலை என்னும் வினாவை ஒருபுறம் வைத்துவிட்டு வேறொரு வினாவைக் கேட்போம்: ஓர் உயிரைத் தன் தேவைக்காக வளர்ப்பவன் அவ்வுயிருக்கு எதைக் கடன்பட்டிருக்கிறான்? அக்கடனைத் தீர்க்க வேண்டியவர் யார்?

அறவினாக்களை ஆகாயத்தில் வைத்துப் பேசுவதாற் பயனில்லை. ஓர் உண்மை வரலாற்றை எடுத்துக்கொள்வோம். மெரினோ என்னும் செம்மறி இனம் 1797ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இங்கிலாந்தின் ஆலைகளுக்குக் கம்பளி தேவைப்பட்டது; அக்கம்பளியை விளைவிக்க நிலம் தேவைப்பட்டது; அந்நிலம் பூர்வகுடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது. ஆடு அங்கே ஆக்கிரமிப்பின் கருவியாகச் சென்றது. அதைத் தானே விரும்பிச் செய்யவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

1880களில், கம்பளியின் நிறையைக் கூட்டும் நோக்குடன், அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்துக் கடாக்கள் தருவிக்கப்பட்டன. அவற்றின் தோல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருந்தது. தோல் மிகுந்தால் அதன்மேல் வளரும் மயிரும் மிகும்; மயிர் மிகுந்தால் வருவாய் மிகும். கணக்கு எளியது. ஆனால் அம்மடிப்புகளில், சிறப்பாக வாலின் கீழும் பின்புறத்திலும், வியர்வையும் சிறுநீரும் சாணமும் தங்கின. அவ்வீரத்தில் ஒருவகை ஈ முட்டையிட்டது. முட்டையிலிருந்து வெளிவரும் புழு, உயிருள்ள ஆட்டின் தசையைத் தின்னத் தொடங்கும். கவனிப்பாரற்ற ஆடு சில நாட்களில், மிகக் கொடிய முறையில், இறக்கும்.

1930ஆம் ஆண்டையொட்டித் தென் அவுஸ்திரேலியாவில் ஜோன் மியூல்ஸ் என்னும் பண்ணையாளர் இதற்கு ஒரு வழி கண்டார். குட்டியின் பின்புறத்துத் தோல் மடிப்புகளைக் கத்தரியால் அரிந்தெடுத்துவிட்டாற் புண் ஆறிய இடம் மயிரற்ற மழுங்கிய தழும்பாகும். ஈ அங்கே முட்டையிடாது. அவர் பெயராலேயே இம்முறை இன்றும் வழங்குகின்றது. கோடிக்கணக்கான குட்டிகளுக்கு, பல பத்தாண்டுகளாக, விறைப்பு மருந்தோ நோவு தணிக்கும் மருந்தோ இன்றி இது செய்யப்பட்டது. இந்நூற்றாண்டிலேயே, வெட்டியபின் புண்ணில் தெளிக்கும் நோவு தணிப்பு மருந்து பரவலாக வழக்குக்கு வந்தது.

இனி, இதற்குப் பண்ணையாளர் கூறும் நியாயத்தைக் கேளுங்கள். அதை எள்ளி நகையாடுவது எளிது, நேர்மையன்று. "புழு அரித்துச் சாகும் ஆட்டை நீங்கள் கண்டதில்லை. நாங்கள் கண்டிருக்கிறோம். ஒரு நாளைய வேதனை வாழ்நாள் முழுவதும் காக்கிறது. வெட்டாமல் விடுவதே கொடுமை" என்பது அவர்தம் வாதம். ஈ உண்மை, புழு உண்மை, இந்த ஆட்டை, இன்றுள்ள உடலோடு, இன்றுள்ள பண்ணையில் வைத்து நோக்கினால் வெட்டுதல் இரக்கமாகவும் தோன்றலாம். எனினும் அவ்வாதம் தன் கதையைப் பாதியிலிருந்தே தொடங்குகிறது. இந்த உடல் எங்கிருந்து வந்தது? அம்மடிப்பை இயற்கை தரவில்லை, சந்தை தந்தது. இலாபத்துக்காகத் தோலைச் சுருக்கியவனே, பின்னர் அச்சுருக்கத்தை அரியும் கத்தியைக் கருணை என்று அழைக்கிறான்.

நம் வினாவின் மையம் இவ்விடத்திலேதான் உள்ளது. காட்டு விலங்கின் துயரத்துக்கு நாம் இரங்கலாம். அது நம் மனத்தின் பெருமை. வளர்ப்பு விலங்கின் துயரமோ அவ்வாறன்று. அதன் உடல் நம் முன்னோரும் நாமும் தேர்ந்து தேர்ந்து இணைசேர்த்து ஆக்கிய உடல். 2015ஆம் ஆண்டு, அவுஸ்திரேலியத் தலைநகரான கன்பராவின் அருகே மந்தையிலிருந்து தவறி நெடுநாள் அலைந்த ஒரு மெரினோவைக் கண்டெடுத்தனர். அதன் உடலிலிருந்து கத்தரித்தெடுத்த கம்பளியின் நிறை 40 கிலோவுக்கும் மேல். காட்டுச் செம்மறி ஆண்டுதோறும் தன் மயிரைத் தானே உதிர்க்கும். மெரினோவுக்கு அவ்வாற்றல் இல்லை. நாமே அதை நீக்கிவிட்டோம். அதை "விடுதலை" செய்து அனுப்பினாலும் தன் கம்பளிச் சுமையின்கீழ் அது நசிந்துவிடும். மனிதனின்றி வாழவியலாத உயிரை மனிதன் ஆக்கியபின், அதன் நலத்தைப் பேணுவதைத் தயவு என்று சொல்லுதல் தகாது. அது கடன். தயவை மறுப்பவன் கஞ்சன். கடனை மறுப்பவன் மோசடிக்காரன்.

கடனைத் தீர்க்க வழியில்லையா? உண்டு. மடிப்பற்ற தோலும் மயிரற்ற பின்புறமும் உடைய கடாக்களைத் தேர்ந்து இணைசேர்த்துச் சில தலைமுறைகளில் ஈயின் தாக்குதலைப் பெரிதும் குறைக்கலாம். அதுவரை, பருவமறிந்து பின்புற மயிரைக் கத்தரித்தலும், மருந்து தெளித்தலும், அடிக்கடி மந்தையைப் பார்வையிடுதலும் உதவும். சுருக்கத்தை ஆக்கிய அதே தேர்வுமுறை அதை நீக்கவும் வல்லது. 2004ஆம் ஆண்டு அவுஸ்திரேலியக் கம்பளித் தொழிற்றுறை, 2010ஆம் ஆண்டு முடிவதற்குள் இவ்வெட்டு முறையைக் கைவிடுவதாக வாக்களித்தது. 2009ஆம் ஆண்டு அக்காலவரையறையைத் தானே நீக்கிக்கொண்டது. அயல்நாடான நியூசிலாந்து 2018ஆம் ஆண்டு இம்முறையைச் சட்டத்தால் தடைசெய்தது. வாக்குக்கும் சட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு நாடுகளும் நமக்குக் கற்பிக்கின்றன.

விலங்கு ஓர் இயந்திரம் எனத் தேக்கார்ட் என்னும் பிரெஞ்சுத் தத்துவஞானி 17ஆம் நூற்றாண்டில் எழுதினார். 1789ஆம் ஆண்டு வெளியான தமது நூலில் பென்தம் அதற்கு மாறான கருத்தை முன்வைத்தார்: விலங்கால் சிந்திக்க முடியுமா, பேச முடியுமா என்று கேட்பதில் பொருளில்லை, அதனால் துன்புற முடியுமா என்பதே கேட்கத்தக்கது என்றார். தத்துவ மேடையிற் பென்தம் வென்றார் எனலாம். ஆனால் பண்ணையில் வென்றவர் வேறொருவர். பென்தமின் காலத்திலேயே வாழ்ந்த றொபேட் பேக்வெல் என்னும் ஆங்கிலப் பண்ணையாளர், விரைவிற் கொழுத்து விரைவிற் சந்தைக்குப் போகக்கூடிய ஓர் ஆட்டினத்தைத் தேர்வு முறையால் உருவாக்கினார். 'மூலதனம்' நூலின் இரண்டாம் பாகத்தில் மார்க்ஸ் இந்த ஆட்டை எடுத்துக்காட்டாகக் கையாள்கிறார். முதலீடு விரைந்து திரும்பிவர வேண்டும் என்பதற்காக ஓர் உயிரின் எலும்புக்கூடே இன்றியமையாத அளவுக்குக் குறுக்கப்பட்டது என்பதை அவர் கண்டார். அவ்விடத்தில் மார்க்ஸ் ஆட்டின் நோவைப் பற்றிப் பேசவில்லை; மூலதனத்தின் காலக்கணக்கையே பேசினார். ஆயினும், அக்கணக்கு உயிரின் எலும்புவரை இறங்கும் என்பதை அவர் காட்டிவிட்டார். விலங்கை இயந்திரம் என்று நம்புவதற்குச் சந்தைக்குத் தேக்கார்ட்டின் நூல் தேவைப்படவில்லை.

நம் வாசகருள் ஒரு சாரார் இப்பொழுது ஒரு கேள்வியோடு காத்திருப்பர் என்பதை அறிவோம். "மனிதர் பட்டினி கிடக்கையில் ஆட்டின் நலம் பேசுவது வயிறு நிறைந்தவரின் பொழுதுபோக்கு அன்றோ?" என்பதே அது. செல்வர் இல்லத்து நாய்க்கு மெத்தையும் வேலைக்காரச் சிறுவனுக்குத் திண்ணையும் தரும் சமுதாயத்தில் இக்கேள்வி எழுவது இயல்பு. அதில் நியாயமான கோபமும் உண்டு. ஆயினும் அக்கேள்வி, ஆட்டின் துயரமும் தொழிலாளியின் துயரமும் இரு வேறு பேரேடுகளில் எழுதப்படுகின்றன என்று கொள்கிறது. உண்மை அவ்வாறன்று.

அவுஸ்திரேலியாவில் ஆட்டு மயிர் கத்தரிக்கும் தொழிலாளிக்கு நாட்கூலி வழக்கமில்லை; கத்தரித்த ஆடுகளின் தொகைக்கே கூலி. 1892ஆம் ஆண்டு ஜாக் ஹோ என்பார் ஒரே நாளில், கைக்கத்தரியால், 321 ஆடுகளின் மயிரைக் கத்தரித்தார். இன்றும் அந்நாட்டு மக்கள் அவரைக் கொண்டாடுகின்றனர். திறமை வியக்கத்தக்கதே. ஆனால், எண்ணிக்கைக்குக் கூலி என்றாற் கை விரையும். கை விரைந்தால் தோல் கிழியும். 19ஆம் நூற்றாண்டில், சரிவரக் கத்தரிக்கப்படாத ஆடுகளைப் பண்ணை முதலாளி செங்காவியால் அடையாளமிட்டு, அவற்றுக்குரிய கூலியை மறுக்கும் வழக்கமும் இருந்தது. ஆட்டின் புண் அங்கே கூலிவெட்டுக்கு ஒரு சாட்டாக மட்டுமே கணக்கில் வந்தது. 1891ஆம் ஆண்டு குயின்ஸ்லாந்தில் இத்தொழிலாளர் நடத்திய பெரும் வேலைநிறுத்தம் அந்நாட்டுத் தொழிலாளர் இயக்கத்தின் வரலாற்றில் ஒரு மைல்கல். தொழிலாளியை அவசரப்படுத்தும் கையே ஆட்டின் தோலையும் கிழிக்கிறது. நிதானமாக வேலை செய்யத்தக்க கூலி தொழிலாளிக்குக் கிடைக்குமாயின், அதன் பயனில் ஒரு பங்கு ஆட்டுக்கும் சேரும்.

கடலிலும் இதே கணக்குத்தான். 2017ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், மேற்கு அவுஸ்திரேலியாவிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு 60,000க்கும் மேற்பட்ட ஆடுகளை ஏற்றிச் சென்ற ஒரு கப்பலில், வெக்கை தாங்காது ஏறத்தாழ 2,400 ஆடுகள் மாண்டன. வடகோளத்தின் கடுங்கோடையில், குளிர்காலத்து உடலோடு அவை ஏற்றப்பட்டிருந்தன. அக்காலத்து விதியின்படி, நூற்றுக்கு இரண்டு ஆடுகள் மாண்டாலன்றி அதிகாரிகள் விசாரிக்க வேண்டியதில்லை. அஃதாவது, 60,000 ஆடுகளில் 1,200 வரை மாளுதல் சாதாரண விடயம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டிருந்தது! கொடுமை செய்ய எண்ணிய மனம் எதுவும் அவ்விதியின் பின்னே இல்லை. வணிகச் சரக்கின் சேதாரத்துக்கு அளவு குறிக்கும் பழக்கம் மட்டுமே இருந்தது. அந்நிகழ்ச்சியை உலகுக்கு வெளிப்படுத்தியவர், அதே வெக்கையில் அதே கப்பலில் பணியாற்றிய ஒரு கடற்றொழிலாளியே. அவர் எடுத்த படங்கள் 2018ஆம் ஆண்டு தொலைக்காட்சியில் வெளியாயின. 2028ஆம் ஆண்டு மே முதலாம் திகதியிலிருந்து ஆடுகளைக் கடல்வழி உயிரோடு ஏற்றுமதி செய்தலாகாது என அந்நாட்டு நாடாளுமன்றம் 2024ஆம் ஆண்டு சட்டம் இயற்றியது.

இவ்வளவையும் கேட்டபின், "முதலாளித்துவம் ஒழிந்தால் இத்துயரும் ஒழியும்" என்று முடித்துவிட நமக்கு ஆசை எழலாம். அவ்வாசைக்கு இடங்கொடுப்பது நேர்மையாகாது. 1930களின் தொடக்கத்தில், சோவியத் கசாக்ஸ்தானில் இடம்பெயர்ந்து மந்தை மேய்த்து வாழ்ந்த மக்கள் கட்டாயமாகக் கூட்டுப் பண்ணைகளிற் சேர்க்கப்பட்டனர். கொட்டிலும் தீனியும் ஆயத்தமாகு முன்னரே மந்தைகள் ஒன்றுகுவிக்கப்பட்டன; இலக்கத் தொகையை நிரப்பும் அவசரத்தில் ஆடுமாடுகள் பறிமுதலாயின. சில ஆண்டுகளில் அந்நாட்டுக் கால்நடைச் செல்வத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ 15 இலட்சம் மக்கள் மாண்டனர். அங்கே தனியார் இலாபம் இருக்கவில்லை. ஆயினும் உயிரை எண்ணிக்கையாக மட்டும் கண்ட அலுவலகம் இருந்தது. மேய்ப்பவனின் தலைமுறை அறிவை அது மதிக்கவில்லை, மேய்ப்பவனையும் மதிக்கவில்லை. உடைமை மாறுவது தேவையான மாற்றமாக இருக்கலாம். அது தானாகவே கடனைத் தீர்த்துவிடாது என்பதற்கு வரலாறு சான்று.

அவ்வாறாயின் கடனைத் தீர்ப்பது எங்ஙனம்? கடனுக்கு முதலில் ஓர் அளவு வேண்டும். 1964ஆம் ஆண்டு றூத் ஹரிசன் என்னும் ஆங்கிலப் பெண்மணி, விலங்குகளை இயந்திரமாக்கும் புதிய பண்ணை முறைகளைக் கண்டித்து ஒரு நூல் வெளியிட்டார். அதன் விளைவாகப் பிரித்தானிய அரசு அமைத்த பிறம்பெல் குழு 1965ஆம் ஆண்டு அறிக்கை தந்தது. எழுந்து நிற்கவும், படுக்கவும், திரும்பவும், தன்னைத் துப்புரவு செய்யவும், கைகால் நீட்டவும் விலங்குக்கு இடம் வேண்டும் என்றது அது. இவ்வளவும் சட்டத்தாற் கேட்கப்பட வேண்டியதாயிற்று! பின்னர், 1979ஆம் ஆண்டு, இவை ஐந்து விடுதலைகளாக விரித்துரைக்கப்பட்டன: பசி தாகத்திலிருந்து விடுதலை, இட நெருக்கடியினின்றும் வெயில் மழையினின்றும் விடுதலை, நோவு, காயம், நோய் ஆகியவற்றிலிருந்து விடுதலை, அச்சத்திலிருந்து விடுதலை, தன் இயல்புப்படி நடமாடும் விடுதலை. இந்த ஐந்தும் ஒரு பண்ணையைச் சோதித்தறியத்தக்க அளவுகோல்கள்.

அளவுகோல் இருந்தாற் போதாது. பார்க்கப் பழகிய கண்ணும் வேண்டும். ஆடு வேட்டையாடப்படும் இனத்தைச் சேர்ந்தது. நோவை வெளிக்காட்டினால் ஓநாய்க்கு இரையாகும் என்பதால் அதை மறைக்கப் பழகியது. எனவே அதன் அமைதியைக் கண்டு அதற்கு நோவில்லை என முடிவுசெய்தல் பிழை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கண் இடுங்குதல், காதின் சாய்வு, மூக்கின் வடிவு ஆகியவற்றைக் கொண்டு செம்மறியின் முகத்தில் நோவை அளக்கும் முறையொன்றை 2016ஆம் ஆண்டு வெளியிட்டனர். ஒரு செம்மறி ஐம்பது ஆடுகளின் முகங்களை இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நினைவில் வைத்திருக்கும் என 2001ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டியது. மந்தை என்று நாம் ஒரு சொல்லால் அழைப்பதை, ஆடு தனித்தனி முகங்களாக அறிகிறது.

இது அவுஸ்திரேலியர் கதை என்று நாம் ஒதுங்கிவிடலாமா? யாழ்ப்பாணத்து வளவில், பூவரசின் கீழ் இரண்டு மூன்று ஆடுகளைக் கட்டி வளர்க்கும் பெண்ணுக்கு ஒவ்வோர் ஆட்டின் குணமும் தெரியும். எது தீனி தின்னவில்லை என்பது அன்று மாலையே தெரியும். ஆயிரக்கணக்கான ஆடுகளை இரண்டு மூன்று பேர் பார்க்கும் பண்ணைக்கு அக்கண் இல்லை. ஆனால் அன்பு இருக்கும் இடத்தில் அறியாமை இராது என்பதில்லை. குட்டைக் கயிற்றிற் கட்டுண்டு, நிழல் நகர்ந்தபின் உச்சி வெயிலில் நிற்கும் ஆட்டை நாம் கண்டதில்லையா? "ஆட்டுக்குத் தண்ணீர் வேண்டாம், குழையில் இருக்கும் ஈரமே போதும்" என்று சொல்லக் கேட்டதில்லையா?

வெப்ப நாடுகளில் ஆடுகளைப் பெரிதும் வாட்டுவது இரைப்பையில் இருந்து இரத்தம் உறிஞ்சும் ஒரு புழு. மந்தை முழுவதற்கும் ஓயாது மருந்து கொடுத்ததாற் புழு மருந்தை எதிர்க்கப் பழகிவிட்டது. இதற்குத் தென்னாபிரிக்க மருத்துவர்கள் ஓர் எளிய வழி கண்டனர். ஆட்டின் கீழ்க்கண்ணிமையை இழுத்து, உட்புறத்தின் நிறத்தை ஐந்து நிறங்கள் அச்சிட்ட ஓர் அட்டையோடு ஒப்பிட வேண்டும். சிவந்திருந்தால் மருந்து வேண்டாம். வெளுத்திருந்தால் உடனே வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதைக் கற்கலாம். மருந்துச் செலவு குறைகிறது, ஆடு பிழைக்கிறது, மருந்தின் வலிமையும் காக்கப்படுகிறது. இதைவிடவும் முதன்மையானது ஒன்றுண்டு: மருந்து கொடுக்குமுன் ஒவ்வோர் ஆட்டின் கண்ணையும் பார்க்க வேண்டியிருக்கிறது. மந்தையை மீண்டும் தனித்தனி உயிர்களாக்கும் விஞ்ஞானம் இது. நல்ல நிர்வாகமும் அறமும் எப்பொழுதும் முரண்பட்டே நிற்கும் என்பது பொய் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

முரண்படும் இடங்களும் உண்டு. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. நிழற் கொட்டிலுக்கும், விறைப்பு மருந்துக்கும், மேலதிகக் கையாளுக்கும் பணம் வேண்டும். அப்பணத்தைத் தாங்கும் ஆற்றல் சிறு பண்ணையாளனிடம் இல்லை. கடனை அவன் தலையிற் சுமத்திவிட்டு நகரத்தில் இருந்துகொண்டு அவனைக் கொடியவன் என்று தூற்றுவது அநீதி. கம்பளியாலும் இறைச்சியாலும் பாலாலும் பயன்பெறும் சங்கிலியில், ஆட்டுக்கு மிக அண்மையில் நிற்பவனே பெரும்பாலும் மிகக் குறைவாகப் பெறுகிறான். ஆதலாற் கடன் சமுதாயத்தின் கடனாகவே தீர்க்கப்பட வேண்டும்: நியாய விலையாலும், கிராமந்தோறும் எட்டும் கால்நடை மருத்துவத்தாலும், வலுவுள்ள சட்டத்தாலும். விலங்குகளுக்குக் கொடுமை இழைப்பதைத் தண்டிக்க 1907ஆம் ஆண்டு இலங்கையில் இயற்றப்பட்ட கட்டளைச்சட்டம் உச்சத் தண்டமாக நூறு ரூபாவைக் குறித்தது. அன்று அது பெருந்தொகை. இன்று ஓர் ஆட்டின் ஒருநாள் தீனிக்கும் அது போதுமா என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம். தண்டம் மட்டும் கொட்டில் கட்டித் தராது என்பதும் உண்மையே. ஆயினும் ஒரு சமுதாயம் எதைக் குற்றமெனக் கருதுகிறது என்பதை அதன் சட்டம் சொல்லும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! உழைக்கும் மனிதனை எண்ணிக்கையாக மட்டும் காண்பதை எதிர்த்து நாம் பேசிவருகிறோம். அப்பேச்சு மெய்யானதாயின், உழைக்கவும் ஈனவும் ஈயவும் நாமே ஆக்கிய உயிரையும் எண்ணிக்கையாக மட்டும் காணும் பழக்கத்தை நாம் கேள்வி கேட்டேயாக வேண்டும். ஆடு நமக்காக உவமையாகத் துன்புறவில்லை. அதன் நோவு அதனுடையது. அது சங்கம் அமைக்காது, வேலைநிறுத்தம் செய்யாது, மனு எழுதாது. தன் கோரிக்கையைத் தானே முன்வைக்க இயலாத கடன்காரனிடம் நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம் என்பதே நம் நாணயத்தைக் காட்டும். வகுப்பறையிற் கால்நடை பற்றிய பாடம் வரும்பொழுது, ஓர் ஆடு எத்தனை கிலோ இறைச்சி தரும், எத்தனை போத்தல் பால் தரும் என்று மாணவரிடம் கேட்கிறோம். அந்த ஆட்டுக்கு நாம் எதைத் தர வேண்டும் என்னும் வினாவும் அதே பாடத்தில், அதே கரும்பலகையில், இடம்பெறட்டும்.